மயிலாப்பூரில் என் பெயர் இருந்தது

ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடத்தான் சென்னைக்குப் போனேன். மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளியில் அப்பா விட்டுப்போன வீடு இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தை இடித்து, மூன்று மாடியை ஏழு மாடியாக்க ஒரு நிறுவனம் வந்திருந்தது. எங்கள் வீட்டில் அண்ணனுக்குப் பாதி, எனக்குப் பாதி. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றார் அண்ணன். தேர்தல் நேரம் என்பதை நான் யோசிக்கவில்லை. பதிவு அலுவலக ஊழியர்கள் பலர் தேர்தல் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதை அவரும் யோசிக்கவில்லை. மூன்று நாள் எட்டு நாளாயிற்று.

விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே தமிழில் கேட்டார். "எந்த ஊரு?"

"இந்த ஊர்தான் சார். மயிலாப்பூர்."

"எப்ப திரும்பிப் போறீங்க?"

தவறில்லாத கேள்வி. பதிலும் சொன்னேன். ஆனால் கிண்டி தாண்டும்வரை காரில் நிலையாக உட்கார முடியவில்லை. ஜன்னலை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தேன்.

மென்பொருள் வேலைக்கு ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் மெல்பர்னுக்குப் போனவள் நான். வேலையில் ஒரு படி மேலே ஏற அந்நாட்டுக் குடியுரிமை வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டேன். நகர மண்டபத்தில் உறுதிமொழி சொல்லச்சொல்லி, ஆளுக்கொரு செடியும் கொடுத்தார்கள். செடி இரண்டு கோடையில் பட்டுப்போனது. அப்பா தொலைபேசி இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தவர். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றதும் அவர் ஒன்றுதான் கேட்டார். "அங்க ஓட்டுப் போட விடுவாங்களா?"

"போடலைன்னா அபராதம்ப்பா."

"அப்ப சரி" என்றார். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

அண்ணன் குடியிருப்பது அடையாறில், நான்கு கட்டடங்கள் கொண்ட வளாகத்தில். வாசலில் காவலர் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்து, கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் தட்டினார். அந்தச் செயலிக்கு மூன்று வகை மனிதர்களைத் தெரியும்: குடியிருப்பவர், விருந்தினர், ஊழியர். நான் விருந்தினர். அண்ணன் மாடியிலிருந்து போனில் அனுமதி கொடுத்ததும் கதவு திறந்தது.

அண்ணன் சிவராமன் வளாகச் சங்கத்தின் தலைவர். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். அண்ணி, மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தார். மறுநாள் காலை அண்ணன் எனக்குக் கேழ்வரகுக் கூழ் கலக்கிக் கொடுத்தார். பளபளப்பான பாக்கெட், அதன்மேல் 'நம் மண்ணின் பாரம்பரியம்'. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். சின்ன வயதில் வீட்டில் கூழ் காய்ச்சினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் இவர்.

"எங்க தண்ணிக்கு எங்க லாரி, எங்க கரண்ட்டுக்கு எங்க ஜெனரேட்டர், எங்க குப்பைக்கு எங்க ஆளு" என்றார். "கார்ப்பரேஷன்கிட்ட போய் நாங்க எதுக்கும் நிக்கறதில்ல சுமதி."

"அப்புறம் ஓட்டு எதுக்குண்ணா?"

"அது கடமை. இந்த தடவை எந்த பிளாக்ல அதிகம் பேர் விரல்ல மை வெச்சிருக்காங்கன்னு போட்டி வெச்சிருக்கோம். போட்டோ எடுத்து குரூப்புல போடணும்."

அப்போது பின்கட்டு லிஃப்டில் செல்வி வந்தாள். அந்த வீட்டில் பாத்திரம் துலக்கிச் சமைப்பவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். செயலியில் அவள் ஊழியர்; வருகைப் பதிவும் உண்டு, நட்சத்திரமும் உண்டு. அவளுக்கு நாலரை நட்சத்திரம். அரை நட்சத்திரம் எதற்குக் குறைந்தது என்று அண்ணனுக்கும் தெரியவில்லை.

அவள் கூழ்க் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இத்தப் போயி சாருக்கு பாக்கெட்ல விக்கறானுங்கோ. எங்க ஊட்ல காலீல நூடுல்ஸ்தான்க்கா."

செல்வியின் வீடு ஒரு காலத்தில் மயிலாப்பூர்க் கால்வாய் ஓரம் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் அதை இடித்து, ஊருக்குத் தெற்கே வெகுதூரத்தில், வரிசை வரிசையாக நிற்கும் எட்டு மாடிக் கட்டடங்களில் ஒன்றில் ஓர் அறை கொடுத்தார்கள். அங்கிருந்து விடியுமுன் பஸ் ஏறுகிறாள். "ஊடு அங்க. ஆனா ஓட்டு இன்னும் மயிலாப்பூர்லதான் கீது" என்றாள், மயிலாப்பூரில் நிலபுலன் இருப்பதைச் சொல்வதுபோல.

மந்தைவெளி வீட்டைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கிளம்பினேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதில் தெருக்கள் இடம் மாறிக் கிடந்தன. ஆட்டோ ஒரே பிள்ளையார் கோயிலை மூன்று முறை சுற்றியது. "மேப்புக்கே தெரியல, எனக்கு இன்னா மேடம் தெரியும்? காலீல தொறக்கறான், சாய்ந்திரம் மூட்றான்" என்றார் ஓட்டுநர். மூன்றாம் சுற்றில் நான் இறங்கி நடந்துவிட்டேன். நடந்தும் வழி தவறினேன். நான் வளர்ந்த ஊரில் ஒரு மோர்க் கடைக்காரரிடம் என் தெருவுக்கு வழி கேட்டேன். மோரும் குடித்தேன், இஞ்சி தூக்கலாக இருந்தது.

கட்டடத்தில் எல்லோரும் காலி செய்துவிட்டிருந்தார்கள். கீழ்வீட்டு ரஹ்மான் சார் மட்டும் தையல் மெஷினைக் கட்டிவைத்துக்கொண்டு வண்டிக்காகக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"உங்க பேருக்குக் குடுத்துட்டுப் போனாங்கம்மா. தூக்கிப் போட மனசு வரல."

வாக்காளர் சீட்டு. மயிலாப்பூர் தொகுதி. பெயர் சுமதி. தந்தை பெயர் சிதம்பரம். பாகம் எண், வரிசை எண், அதே தெருப் பள்ளிக்கூடம். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது இதை நான் நினைக்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. மேலே போய் அப்பாவின் பீரோவைத் திறந்தேன். என் வாக்காளர் அட்டை அவருடைய அட்டையோடு ஒரே ரப்பர் பேண்டில் இருந்தது. இரட்டைப் பின்னலும் பயந்த கண்களுமாக ஒரு பெண். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை அண்ணனிடம் சீட்டைக் காட்டினேன். "போட்டுட்டு வாயேன்" என்றார் சாதாரணமாக. "யாரு கேக்கப் போறா? நாலு நாள் சும்மாதானே இருக்கே."

உண்மையில் சும்மா இருக்க முடியவில்லை. தி.நகருக்குப் போய்ப் பிளாட்பாரத்துக் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு பெரிய புடவைக் கடைக்குள் புகுந்தேன். குளிரூட்டிய ஐந்து மாடி. வாசலில் மூவண்ணப் பலகை: 'மை வைத்த விரலைக் காட்டுங்கள்! பத்து சதவீதத் தள்ளுபடி!' ஜனநாயகத் திருவிழாவாம்.

"ஓட்டு இல்லாதவங்களுக்கு?" என்று விற்பனைப் பெண்ணைக் கேட்டேன்.

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "மெம்பர்ஷிப் கார்டு எடுத்துக்கோங்க மேடம். அதே டிஸ்கவுண்ட்டுதான் வரும்."

பெயரும் போன் நம்பரும் மட்டும் கேட்டாள். ஒரு நிமிடத்தில் நான் உறுப்பினர். எந்த நாட்டுக்காரி என்று அங்கே யாரும் கேட்கவில்லை. புடவை வாங்காமலே வெளியே வந்து, வெயிலில் நின்று ஒரு கொய்யாப்பழம் தின்றேன். மெல்பர்னில் ஓட்டுச்சாவடி என்றால் பள்ளிக்கூட மைதானத்தில் சாசேஜ் எனும் இறைச்சிக் குழல் சுடும் வாசனை வரும். நான் சைவம், ரொட்டியில் வதக்கிய வெங்காயத்தை வைத்து வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பேன். அந்த வரிசையில் எனக்கு ஒருபோதும் படபடப்பு வந்ததில்லை. இங்கே ஒரு சீட்டு கைப்பைக்குள் கிடந்து என்னை இருந்த இடத்தில் இருக்கவிடவில்லை.

வாக்குப்பதிவன்று அண்ணன் ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரலைப் படமெடுக்க வெளிச்சம் தேடிக்கொண்டிருந்தார். செல்விக்கு விடுமுறை. அவளோடு நானும் வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

"நீயா? உனுக்கு இங்க இன்னாக்கா வேல?"

"சும்மா பாக்கறதுக்கு."

அவளுக்கும் என் சீட்டில் இருந்த அதே பள்ளிக்கூடம்தான். வாசலில் அவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கஞ்சி போட்ட நீலப் புடவை, தலை நிறைய மல்லிகை. அவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். எல்லோரும் கால்வாய் ஓரத்துப் பழைய அக்கம்பக்கம். வெவ்வேறு கட்டடங்களுக்கு, வெவ்வேறு திசைக்கு அனுப்பப்பட்டவர்கள். ஒருத்தி பேரப்பிள்ளையின் படத்தைப் போனில் காட்டினாள். ஒருத்தி டப்பாவிலிருந்து எல்லோருக்கும் அதிரசம் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கிடைத்தது, நல்ல பாகு.

"இவ்ளுங்கள எலக்‌ஷனுக்கு எலக்‌ஷன்தான்க்கா பாக்கறது" என்றாள் செல்வி. அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

வாசலுக்குச் சற்றுத் தள்ளி மேசை போட்டு, கட்சிக்கார இளைஞர் ஒருவர் பட்டியலில் பெயர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வியின் தோழிகளில் நாலு பேர் பெயர் கிடைத்தது. செல்வியின் முறை வந்தது. அவர் விரலால் மேலிருந்து கீழே தடவினார். பக்கத்தைத் திருப்பினார். திரும்பவும் முதலிலிருந்து வந்தார்.

"இல்லியேக்கா."

"இன்னொரு தபா பாரு நைனா. போன எலக்‌ஷனுக்கு இங்கதான் போட்டேன்."

"ரெண்டு தபா பாத்துட்டேன்க்கா. எட்த்துட்டுகிறாங்க. ஊடு மாறிட்டல்ல, அங்க கேட்டுப் பாரு."

அவள் நம்பாமல் உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். வாக்காளர் அட்டையை நீட்டி, "அட்ட கீதே சார்" என்றாள். உதவி மேசையில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். நிதானமாகத் தேடிவிட்டுச் சொன்னார். "அட்டை இருந்தா போதாதும்மா. பட்டியல்ல பேர் இருக்கணும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே வந்தபோது அந்த இளைஞர் என்னைக் கேட்டார். "மேடம், உங்க பேரு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். உடனே கிடைத்துவிட்டது. "சுமதி, அப்பா பேரு சிதம்பரம். கீது மேடம். நேரா லேடீஸ் லைன்ல போங்க."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"உன் பேரு கீது. என் பேரு இல்ல."

"ஆமா செல்வி."

"நீ போயி போடு."

"நான் போடக் கூடாது. நான் இந்த நாட்டுக் குடிமகள் இல்ல."

"அது அவுங்களுக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியுமே."

"அக்கா, உன் ஓட்ட நீ போட வேணாம். எனுக்காவப் போடு. எந்தப் பட்டன்னு நான் சொல்றேன். ஒரு நாளு உன்னான்ட எதுனா கேட்டுகிறனா?"

கேட்டதில்லைதான். நான் வரிசையில் போய் நின்றேன்.

நாற்பது நிமிடம் நின்றேன். அந்த நாற்பது நிமிடத்தில் எனக்குச் சொல்லிக்கொள்ளக் காரணங்கள் நிறைய இருந்தன. இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஐந்தாவது வரை படித்தேன். இந்த ஊரில் எனக்கு வீடு இருக்கிறது, வரி கட்டுகிறேன். ஓட்டு இழந்தவளே கேட்கிறாள். சட்டையில் உப்புப் பூத்த ஒரு காவலர் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். முன்னால் நின்ற பெண் திரும்பி, "மொத தடவையா? சீட்டக் கசக்கிட்டீங்களே" என்றாள்.

உள்ளே, முதல் மேசைக்காரர் என் சீட்டை வாங்கி, கட்சி முகவர்கள் காதில் விழும்படி உரக்கப் படித்தார். "சுமதி. தந்தை பெயர் சிதம்பரம்."

அப்பாவின் பெயரை அந்த அறையில் அப்படிக் கேட்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், இந்தப் பேரை எடுத்துடுங்க. நான் இப்ப இந்தியக் குடிமகள் இல்ல. தெரியாம இருந்துடுச்சு."

அடுத்த மேசையில் மைக்குச்சியோடு காத்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு ஏழாம் நம்பர் படிவம் குடுக்கணும்மா. இன்னிக்கு வாங்க மாட்டோம்" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டு, "இதைச் சொல்றதுக்கா இவ்ளோ நேரம் வெயில்ல நின்னீங்க?" என்று கேட்டார்.

செல்வி வெளிக்கதவருகில் நின்றிருந்தாள். "கையக் காட்டு" என்றாள்.

காட்டினேன். இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள்.

"கீற ஒண்ணையும் வாணாம்னு சொல்ட்டு வந்துட்ட" என்றாள். "உனுக்கு அந்தூர்ல ஒண்ணு கீது, சரி. எனுக்கு எங்க கீது? நல்லவன்னு பேரு வாங்கினு நீ ஏரோப்ளேன் ஏறிடுவ."

நான் பதில் சொல்லுமுன் போய்விட்டாள். அவள் தோழிகள் மை வைத்த விரலோடு அவளைத் தேடிக்கொண்டு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனதாகச் சொன்னேன்.

மறுநாள் செல்வி வேலைக்கு வரவில்லை. அண்ணனின் போன் 'இன்று உங்கள் உதவியாளர் வரவில்லை, மதிப்பிடுங்கள்' என்றது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் மதிப்பிடாமல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அதற்கடுத்த நாள் பதிவு அலுவலகம் திறந்தது. எழுத்தர் பத்திரத்தை வாசித்தார். ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவரும், மேற்படி சொத்தில் சரிபாதிப் பங்குக்கு முழு உரிமை உடையவருமான சுமதி. அங்கே யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை. கட்டைவிரல் வைத்தேன், கேமராவைப் பார்த்தேன், முடிந்தது. இந்த ஊரில் நான் வீடு வைத்துக்கொள்ளலாம், இடிக்கலாம், ஏழு மாடி கட்டலாம். மயிலாப்பூரில் பிறந்த செல்விக்கு அங்கே கால் வைக்க ஓட்டு ஒன்றுதான் மிச்சமிருந்தது. காரில் திரும்பும்போது இதை அண்ணனிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பெயர் சேர்க்கும் ஆறாம் படிவத்தையும் நீக்கும் ஏழாம் படிவத்தையும் அச்செடுத்துக் கொடுத்தார். "ரெண்டு ரெண்டு காப்பி வெச்சிருக்கேன். தப்பாச்சுன்னா வேணுமில்ல" என்றார். செல்வியின் முகவரியை அவர் வளாகச் செயலியில்தான் தேடி எடுத்தார். அத்தனை வருடத்தில் அது அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

ஊர் திரும்பும் நாள் காலையில் அவள் ஏறும் பஸ்ஸில், எதிர்த்திசையில் போனேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் எந்த நாட்டுப் பெண் என்று கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஒன்றேமுக்கால் மணி நேரம். பாதி வழியில் டயர் பஞ்சராகி, பின்னால் வந்த பஸ்ஸில் நெருக்கி ஏறினோம். மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் ஓய்ந்து, வெட்டவெளி வந்து, பிறகு ஒரே மாதிரியான கட்டடங்கள் வந்தன. ஆறாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை.

செல்வி கதவைத் திறந்து என்னை ஒரு நொடி பார்த்தாள். மூச்சு வாங்குவதைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஃபிரிட்ஜிலிருந்து கலர் எடுத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். நான் படிவத்தை எடுத்து வைத்தேன்.

"இது எதுக்கு?"

"உன் பேரை இங்க சேக்க."

"எனுக்கு வாணாம்." உட்காரவே இல்லை அவள். "இங்க பூத்து கீழ்யே கீது. செருப்புகூட வாணாம், எறங்கிப் போயி போட்டுட்டு வந்துர்லாம். அது ஒரு ஓட்டா? அங்கன்னா பஸ்ஸேறிப் போவேன். பூ வெச்சினு போவேன். அவ்ளுங்களப் பாப்பேன். இதுல எழ்தினா நான் மயிலாப்பூர்காரி இல்லன்னு நானே சொன்னா மாரி ஆவும்."

அதைத்தான் நான் ஒரு நகர மண்டபத்தில் சொல்லி, செடியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். கலரைக் குடித்தேன். கீழே யாரோ தண்ணீர் லாரிக்குக் குரல் கொடுத்தார்கள். செல்வி எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த லாரி வேறு பிளாக்குக்குப் போய்விட்டது.

"இங்க ஓட்டு இல்லாம அதையும் யாரான்ட போயி கேக்கறது?" என்று முணுமுணுத்தாள். பிறகு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "பேரே இல்லாம கீறதுக்கு இங்கியாவுது கீட்டும். குடு."

அவள் எழுத்துக் கூட்டி எழுதினாள். பிளாக் எண்ணை மட்டும் ஒருமுறை தவறாக எழுதி அடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் என் படிவத்தை நிரப்பினேன். பெயரை நீக்கக் காரணம் என்று வரிசையாகக் கட்டங்கள். முதல் கட்டத்தை அவள் எட்டிப் படித்தாள்.

"இறப்பு. செத்தவங்களுக்கும் இதே ஃபாரமா?"

"இதேதான்."

"நீ எத்த டிக் பண்ண?"

காட்டினேன். 'இந்தியக் குடிமகன் அல்லர்' என்றிருந்ததையும் எழுத்தெழுத்தாகப் படித்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. நான் கையெழுத்துப் போட்டேன்.

"உன்னுத எங்க குட்க்கணும்?"

"மயிலாப்பூர்ல. அண்ணனை அனுப்பறேன்."

"அவுரு எதுக்கு? நான் போறேன்." படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, தன்னுடையதோடு சேர்க்காமல் தனியாக நாலாக மடித்தாள். "நாளிக்கே போறேன். அங்க போவ எனுக்கும் ஒரு காரணம் வோணும்ல."